பிழைத்து வந்தவளிடம் யார் கேட்கிறார்கள்?

தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, பிள்ளை பெற்ற 42 நாட்களுக்குள்ளோ இறந்துபோனால் அரசாங்கம் அவள் வீட்டைத் தேடி வருகிறது. வலி எப்போது எடுத்தது, முதலில் யாரிடம் சொன்னாள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், ரத்தம் கிடைத்ததா, ஏன் வேறு ஊருக்கு அனுப்பினார்கள் என்று அம்மாவிடமும் மாமியாரிடமும் கணவனிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மருத்துவமனைக்குள் தனியாக ஓர் ஆய்வு நடக்கிறது. பிறகு மாவட்ட அளவில் அதிகாரிகள் கூடி, அந்தச் சாவைத் தடுத்திருக்க முடியுமா என்று பேசுகிறார்கள். 1990-களின் நடுவிலிருந்து தமிழ்நாடு வளர்த்தெடுத்த வழக்கம் இது. மகப்பேறு மரண ஆய்வுக்கு மத்திய அரசு நாடு தழுவிய நெறிமுறை வகுத்தது 2010-இல்தான்.

பலன் கண்கூடு. 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, ரத்த வங்கி, கிராம சுகாதார செவிலியர் என்று இதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் வீடு தேடிப் போய்க் கேட்டதும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கே தாமதம், எங்கே அலட்சியம் என்பது மருத்துவக் குறிப்பேட்டில் இருக்காது. அது குடும்பத்தின் நினைவில் இருக்கிறது.

பிழைத்து வீடு திரும்பியவளிடம் இதே கேள்விகளை யார் கேட்கிறார்கள்? 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஏறத்தாழ ஒவ்வொரு தாயும் ஏதோ ஒரு வார்டைக் கடந்துதான் வருகிறாள். வார்டுக்குள் அவளை எப்படி நடத்தினார்கள், என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதைத் திரட்டிப் பயன்படுத்தும் வழி நம்மிடம் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்துப் பார்க்கலாம்.

இந்த இரண்டு ஊர்களும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கின்றன. ஒன்று நூற்பாலைகளின் ஊர். மற்றது ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் பேர் வாங்கித் தந்த ஊர். ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்யும் மருத்துவ பேண்டேஜ் துணி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது. உலகத்துக் காயங்களுக்குக் கட்டுத்துணி நெய்யும் பெண்கள் இந்த ஊர்க்காரர்கள். இரு ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. ராஜபாளையத்தில் மகப்பேறுக்கென்றே தனி அரசு மருத்துவமனை இருக்கிறது. சுற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஊருக்குள் தனியார் நர்சிங் ஹோம்கள். சிக்கல் என்றால் விருதுநகருக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பயணம் பலருக்குக் குறைந்திருக்கிறது.

ஒரு பெண்ணின் பேறுகாலம் இவற்றில் ஒரே இடத்தில் நடந்து முடிவதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கித் தருகிறார். பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஸ்கேன் தனியாரிடம், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுப் பயணம், பிரசவம் தாய்வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில், அங்கிருந்து 108-இல் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு. பிள்ளைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளை அநேகமாகத் தாய்வீட்டு ஊரிலேயே போடுகிறார்கள். இப்படி நான்கைந்து கைகள் மாறிய ஓர் அனுபவத்தை, அதில் ஒரு கை மட்டும் நீட்டும் படிவத்தில் எழுதச் சொன்னால் கால்வாசிதான் வரும். ‘அந்த ஆஸ்பத்திரியில் இருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ஏன் என்று யாரும் சொல்லவில்லை’ என்ற குறை இரண்டு ஆஸ்பத்திரிகளின் படிவத்திலும் சேராமல் நடுவழியில் நின்றுபோகும்.

ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 2013-இல் வந்த தேசியத் தர உறுதி நெறிகள் நோயாளியின் திருப்தியைக் கால முறைப்படி அளக்கச் சொல்கின்றன. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் ‘மேரா அஸ்பதால்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. நோயாளி பதிவின்போது கொடுத்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியோ தானியங்கி அழைப்போ வரும். திருப்தியா இல்லையா, இல்லையென்றால் ஊழியர் நடத்தையா, சுத்தமா, செலவா, சிகிச்சைத் தரமா என்று கேட்கும். பிரசவ அறைகளுக்கென்றே 2017 டிசம்பரில் ‘லக்ஷ்யா’ திட்டம் வந்தது. பயனாளிகளில் குறைந்தது 80 சதவீதம் பேர் திருப்தி தெரிவிக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. 2019 அக்டோபரில் வந்த ‘சுமன்’ திட்டம் கர்ப்பிணிக்கு மரியாதையான சிகிச்சையை உறுதிமொழியாகவே தருகிறது; குறை தீர்க்கும் வழியையும் சேர்த்தே பேசுகிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில், குறையைச் சொல்லித் தீர்வு பெறுவதும் ஒன்று. இவற்றோடு சுகாதார உதவி எண் 104, முதல்வர் உதவி மையத்தின் 1100, திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம் எல்லாம் இருக்கின்றன.

காகிதத்தில் குறைவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை புகார் வாங்கும் வாசல்கள். மனு எழுதுவது நம் ஊருக்குப் பழக்கமான கலைதான். பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் எழுதுவோம். பிரசவ வார்டில் ‘சும்மா கத்தாதே’ என்று அதட்டினார்கள் என்பதற்கு எந்தப் பெண் மனு எழுதிக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறுவாள்? அவளைப் பொறுத்தவரை அது புகாரே கிடையாது. நடந்த ஒன்று, அவ்வளவுதான். யாராவது கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டால் மகளுக்குப் பிரசவம் வரும்போது எச்சரிக்கையாகச் சொல்லி வைப்பாள்.

கைபேசி வழியாகக் கேட்பதில் இன்னொரு சிக்கல். தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. மற்றவர்கள் பதிவில் கொடுப்பது கணவன் எண்ணையோ மாமனார் எண்ணையோதான். அவள் தாய்வீட்டில் இருக்கும்போது ‘உங்கள் அனுபவம் எப்படி’ என்ற செய்தி மில்லில் ஷிப்டில் நிற்கும் கணவனுக்குப் போய்ச் சேரும். அவன் பிரசவ அறைக்குள் போனவன் இல்லை. அவன் அழுத்தும் பொத்தானை அவள் கருத்தாக எண்ணிக்கொண்டால் அந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது நேரிலேயே கேட்டால் சரியாகிவிடுமா? அந்த நேரத்தில் எந்தத் தாயும் சொல்வது, ‘நல்லாப் பாத்துக்கிட்டாங்க’ என்பதுதான். பிள்ளையும் தாயுமாக உயிரோடு வெளியே வரும் நிம்மதி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு குறை சொல்வது அபசகுனம் என்று பாட்டி நினைப்பார். கேட்பவர் அதே வார்டு ஊழியர். தடுப்பூசிக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இதே முகங்களிடம்தான் வர வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் மொத்தம் 18,000 ரூபாய். ரொக்கம் தவணை தவணையாக வருகிறது. தவணை பாக்கி இருக்கும்போது, விவரத்தைக் கணினியில் ஏற்ற வேண்டியவர்களை யார் பகைத்துக்கொள்வார்கள்?

இந்த ஊகத்துக்குத் தான்சானியாவில் அளவெடுத்த ஆதாரம் இருக்கிறது. அங்கே டாங்கா வட்டாரத்தில் பிரசவித்த பெண்களை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது கேட்டார்கள். அவமதிப்பையோ கொடுமையையோ அனுபவித்ததாகச் சொன்னவர்கள் சுமார் 19 சதவீதம். ஐந்து முதல் பத்து வாரங்கள் கழித்து வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அதைச் சொன்னவர்கள் சுமார் 28 சதவீதம். வார்டு மாறவில்லை, பிரசவமும் மாறவில்லை. கேட்ட இடமும் காலமும்தான் மாறின. கானா, கினி, மியான்மர், நைஜீரியா நாடுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்னொரு வழியில் பார்த்தார்கள். மியான்மர் தவிர்த்த மூன்று நாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் பிரசவ அறைக்குள் நின்று 2,016 பெண்களைக் கவனித்ததில் 41.6 சதவீதம் பேருக்கு அடியோ ஏச்சோ ஒதுக்குதலோ நேர்ந்தது தெரிந்தது. நான்கு நாடுகளிலும் 2,672 பெண்களிடம் பிரசவத்துக்குப் பிறகு வாய்மொழியாகக் கேட்டபோது 35.4 சதவீதம் பேர் அப்படி நேர்ந்ததாகச் சொன்னார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் மனதைத் தைத்த விஷயம் ஒன்று உண்டு. அடியும் ஏச்சும் அதிகம் நேர்ந்தது பிள்ளை வெளியே வருவதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து, வந்து பதினைந்து நிமிடம் ஆகும் வரை. ஒரு பெண் எதையும் எதிர்க்கவோ சரியாக நினைவில் வைக்கவோ முடியாத நேரம் அது.

ஆக, 80 சதவீதத் திருப்தி என்ற எண்ணை வாசலில் நின்று எடுத்தால் எந்த மருத்துவமனையும் எளிதாகத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு தெரிந்துகொள்ள எதுவும் மிஞ்சாது.

என்ன கேட்பது என்பதிலும் இதே பாடம்தான். ‘திருப்தியா?’ என்பது ஒருவரின் எதிர்பார்ப்பை அளக்கும் கேள்வி. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவளை லேசாகத் திட்டினால் அவளுக்குத் திருப்திதான். ‘நடந்ததா?’ என்று கேட்டால் நிலைமை வேறு. உள்ளே கை விட்டுப் பார்க்கும் முன் சொன்னார்களா? திரை இருந்ததா? உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களா? கூட யாராவது இருக்க விட்டார்களா? தண்ணீர் குடிக்க விட்டார்களா? ஆபரேஷன் ஏன் என்று யார் சொன்னது, எப்போது சொன்னார்கள், கையெழுத்து யார் போட்டது? பிள்ளையைக் காட்ட யாராவது காசு கேட்டார்களா? கென்யாவில் 2017-இல் இப்படி 30 கேள்விகளாலான ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேசத்தில் சோதித்துப் பார்த்து 27 கேள்விகளாகச் செம்மைப்படுத்தினார்கள். மரியாதை, பேசி விளக்குதல், ஆதரவு என்று அதற்கு மூன்று பிரிவுகள். இந்த வட்டாரப் பேச்சுத் தமிழில் இருபது கேள்விகள் இருந்தால் நமக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

காசு பற்றிய கேள்வியைத் தயங்காமல் சேர்க்க வேண்டும். ஆண் பிள்ளை என்றால் ஒரு தொகை, பெண் பிள்ளை என்றால் அதைவிடக் குறைவாக ஒரு தொகை என்று வார்டில் கேட்கும் வழக்கம் தமிழ்நாட்டில் யாரும் அறியாததில்லை. பெங்களூரில் சாமுவேல் பால் நிறுவிய பொது விவகார மையம் 1990-களில் குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை என்ற முறையைத் தொடங்கியது. மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஏழைப் பெண்களிடம் அவர்கள் கேட்டபோது, இலவசமாகக் கிடைக்க வேண்டியவற்றுக்குக் காசு கொடுத்ததையும் பிள்ளையைப் பார்க்கவே காசு கொடுத்ததையும் பலர் சொன்னார்கள். கேட்டவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்களாக இல்லாததால்தான் அது வெளியே வந்தது.

பட்டியல் கேள்விகளோடு திறந்த கேள்வி ஒன்றும் வேண்டும். வெள்ளை ரிப்பன் கூட்டணி என்ற அமைப்பு இந்தியாவில் தொடங்கி 114 நாடுகளுக்குக் கொண்டுபோன இயக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான்: உங்கள் மகப்பேறு சிகிச்சையில் உங்களுக்கு வேண்டும் என்று கேட்கும் ஒன்று எது? ஏறத்தாழ 12 லட்சம் பெண்கள் பதில் சொன்னார்கள். 2019-இல் தொகுத்தபோது முதலில் வந்தது மரியாதையான, கண்ணியமான கவனிப்பு. அடுத்தது தண்ணீர், கழிப்பறை, சுத்தம். அதற்கடுத்து மருந்தும் பொருட்களும். பெரிய கருவியையோ குளிர்சாதன அறையையோ முதலில் கேட்கவில்லை என்பதை நம் திட்ட அதிகாரிகள் ஒருமுறையாவது மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சிசேரியன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவம் நான்காவது குடும்ப நல ஆய்வில் 34.1 சதவீதம், ஐந்தாவதில் 44.9 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் அது அறுபதைத் தாண்டுகிறது. இது சரியா தவறா என்ற விவாதத்தை மருத்துவர்களும் புள்ளிவிவர நிபுணர்களும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அறுக்கப்பட்டவளின் சொல் அதில் அநேகமாக இல்லை. முடிவு எடுக்கும்போது அவளிடம் என்ன சொன்னார்கள், ‘பிள்ளைக்கு ஆபத்து’ என்ற ஒரே சொல்லில் முடித்தார்களா, நல்ல நேரம் பார்த்துக் குடும்பமே கேட்டதா, வலி தாங்காமல் அவளே கேட்டாளா, அப்படிக் கேட்டாள் என்றால் வலியைத் தாங்க யாராவது கூட இருந்தார்களா? இவற்றைத் தொகுத்தால்தான் 44.9 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை இப்போது நம்மிடம் இருப்பது கூகுள் நட்சத்திரங்கள்தான். அதில் எழுதுகிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாலே அதன் பெறுமதி தெரிந்துவிடும்.

சரி, கேட்டாயிற்று, பதிலை வைத்து என்ன செய்வது? இந்த இடத்தில்தான் உலக அனுபவம் நம்மை நிதானிக்க வைக்கிறது. உகாண்டாவில் ஐம்பது கிராம மருந்தகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மக்களின் கருத்தை அட்டையாகத் தொகுத்து, ஊர் மக்களையும் ஊழியர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. உலகமே அதைக் கொண்டாடியது. பின்னர் அதே நாட்டில் முந்நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது சிகிச்சைத் தரத்தில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. இறப்பில் மாற்றம் தெரியவில்லை. மலாவியின் இன்சேயு மாவட்டத்தில் இதை ஒத்த மதிப்பீட்டு அட்டை முறை கர்ப்பிணிகளின் வீட்டுக்கு ஊழியர் போவதைக் கூட்டியது. இந்தியாவிலும் 2007 முதல் ஒன்பது மாநிலங்களில், தமிழ்நாடு உட்பட, மக்கள் கண்காணிப்பு முன்னோடித் திட்டம் நடந்தது. ஊர்க்குழுக்கள் தங்கள் சுகாதார நிலையத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்து அட்டை தயாரித்தன. முன்னோடிக் காலம் முடிந்தபின் நம் மாநிலத்தில் அது எல்லா ஊருக்குமான வழக்கமாக வேரூன்றவில்லை. அதை இழப்பாகவே கருதுகிறேன்.

இங்கிலாந்துக் கதை இன்னும் கசப்பானது. கருத்துக் கேட்பதில் அந்த நாட்டை மிஞ்ச ஆளில்லை. 2013 அக்டோபர் முதல் கர்ப்ப காலம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு, வீடு என நான்கு கட்டங்களில் தாய்மாரிடம் கேட்கிறார்கள். அது தவிரத் தனி தேசிய ஆய்வு. அப்படியிருந்தும் ஷ்ரூஸ்பரி – டெல்ஃபோர்ட் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்காக நடந்த தவறுகள் வெளியே வந்தது, பிள்ளைகளை இழந்த இரண்டு குடும்பங்கள் விடாமல் போராடியதால்தான். டோனா ஓக்கெண்டன் தலைமையிலான குழு 2022 மார்ச்சில் இறுதி அறிக்கை கொடுத்தது. நல்ல கவனிப்பு கிடைத்திருந்தால் 201 குழந்தைகளும் ஒன்பது தாய்மாரும் பிழைத்திருக்கக்கூடும் என்றது அறிக்கை. அந்தக் குடும்பங்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. சராசரி மதிப்பெண்ணுக்குள் தனித் தனிக் குரல்கள் எளிதில் கரைந்துபோகும். தொகுப்பு எண்ணை மட்டும் பார்க்கும் நிர்வாகம், தன்னிடம் வந்து நிற்கும் ஒரு தாயின் சொல்லைக் கேட்காது.

தகவல் உரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேராததன் விலையை விருதுநகர் மாவட்டமும் அறியும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நாட்டையே உலுக்கியது. ரத்தம் கொடுத்த இளைஞர் தன் நிலை தெரிந்ததும் தாமாகவே போய்ச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அதற்குப் பின் ரத்த வங்கிகளில் கவனம் கூடியது. அப்பெண்ணின் துயரம் பெரிய செய்தியானது. அப்படிச் செய்தியாகாத சிறிய தவறுகள் எதிலும் பதிவாவதில்லை.

2018-இல் மத்திய அரசு வளர்ச்சியை எதிர்நோக்கும் மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. அதனால் இந்த மாவட்டத்தில் கர்ப்பிணிகளின் எண்ணிக்கை, பதிவு, பரிசோதனை எல்லாவற்றையும் உற்றுக் கவனிக்கிறார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் பதிவா, நான்கு பரிசோதனை முடிந்ததா, ஆஸ்பத்திரிப் பிரசவமா என்பது கணினியில் ஏறுகிறது. நான்காவது பரிசோதனையில் அவள் கேட்ட சந்தேகத்துக்கு யாராவது பதில் சொன்னார்களா என்பது எங்கும் ஏறுவதில்லை. இதே உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக் கேட்பதற்கு ஒதுக்கினால் இந்த மாவட்டம் மற்ற மாவட்டங்களுக்கு வழிகாட்டும்.

எப்படி என்பதற்கு என் யோசனை இது. தடுப்பூசியின் ஆறாவது, பத்தாவது வாரங்கள் தான்சானிய ஆய்வு சொல்லும் ஐந்து முதல் பத்து வார இடைவெளியோடு அப்படியே பொருந்துகின்றன. புதன்கிழமைத் தடுப்பூசிக்கு அம்மா வந்தே தீருவாள், தாய்வீட்டு ஊரிலானாலும். அங்கே கேட்கலாம். கேட்பவர் ஊசி போடும் செவிலியராக இருக்கக் கூடாது. வேறு ஊராட்சியைச் சேர்ந்த மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவர்கள், நல்ல பயிற்சியோடும் கௌரவமான ஊதியத்தோடும் இதைச் செய்ய முடியும். பெயர் எழுதக் கூடாது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வாரம் என்று மட்டும். மாமியாரையும் கணவனையும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டும். சமூக நலத் துறை நடத்தும் சமுதாய வளைகாப்பும் நல்ல வாய்ப்பு. வளையல் அடுக்கிச் சீர்வரிசை கொடுத்து அனுப்பும் அந்த மேடையில், இரண்டாவது பிள்ளையைச் சுமப்பவர்களிடம் முதல் பிரசவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் பாதி ஆய்வு அங்கேயே முடிந்துவிடும்.

பதில்கள் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் வார்டு. கருத்துக் கேட்பதைத் தண்டனைக் கருவியாக்கினால் முதல் மாதத்திலேயே அது செத்துவிடும். இரவுப் பணியில் ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் பல பிரசவங்களைப் பார்க்கிறார், நடுவில் பதிவேடு எழுதுகிறார், கணினியில் ஏற்றுகிறார், உறவினர் சண்டையையும் தீர்க்கிறார். அவர் அதட்டியதை நியாயப்படுத்த நான் வரவில்லை. வலியில் கிடப்பவளைப் பார்த்துப் பிள்ளை உண்டான கதையைச் சொல்லிக் காட்டும் ஏச்சை எந்தப் பணிச்சுமையும் மன்னிக்காது. ஆனால் ‘கூப்பிட்டேன், யாரும் வரவில்லை’ என்ற பதில் இரவு இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள்ளேயே குவிகிறது என்றால், அது ஆள் பற்றாக்குறைக்கான சாட்சி. மருத்துவ அலுவலர் மேலிடத்தில் கூடுதல் பணியிடம் கேட்கக் கையில் எடுத்துப் போகும் ஆதாரம். அப்படிப் பயன்பட்டால் செவிலியர்களே இந்தக் கருத்துக்கேட்பைக் காப்பாற்றுவார்கள். நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை வைத்து, என்ன மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளிநோயாளர் பகுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சொன்னதற்குப் பலன் உண்டு என்று அடுத்தவள் அறிந்தால்தான் வாய் திறப்பாள்.

பிரசவத் துணை இதற்கு நல்ல உதாரணம். வலியின்போது தாயோ அக்காவோ கூட இருக்கலாம் என்பதைத் தமிழ்நாடு 2000-களின் தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளிலும் அது இருக்கிறது. கூட ஆள் இருந்தால் ஏச்சு குறைகிறது, பயம் குறைகிறது. ஆனால் ஆணை இருக்கிறதா என்று கேட்டால் எல்லா மருத்துவமனையும் ‘ஆம்’ என்றுதான் சொல்லும். ‘பிள்ளை பிறந்த நிமிடம் உங்கள் கையை யார் பிடித்திருந்தார்கள்?’ என்று பெற்றவளிடம் கேட்டால்தான் பகலில் விடுகிறார்களா, இரவில் விடுகிறார்களா, இடமில்லை என்று வெளியே நிறுத்துகிறார்களா என்பது தெரியும். திரை கட்ட இடமில்லாததுதான் தடை என்று தெரிந்தால் அதைச் சில ஆயிரம் ரூபாயில் தீர்த்துவிடலாம்.

கேட்கும் வலையில் சிக்காமல் போகிறவர்கள் யார் என்பதை ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்க வேண்டும். செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கத்திலும் வாழும் பளியர் குடும்பப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி என்பது மொழியிலும் தோரணையிலும் தூரமான இடம். கீழே இறங்கி வராததை ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதி முடிப்பது எளிது. முன்பு இறங்கி வந்தபோது எப்படி நடத்தினார்கள் என்று அவர்கள் குடியிருப்பில் போய், அவர்களில் ஒருத்தியை வைத்தே கேட்டால்தான் விடை கிடைக்கும். பாதி வழியில் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள், பதினெட்டு வயது நிரம்பாமல் தாயானதால் போலீஸ் வழக்குக்கு அஞ்சி வாய் திறக்காதவர்கள், கணவன் ஊரிலும் தாய் ஊரிலும் பதிவில்லாத இடம்பெயர்ந்த தொழிலாளிப் பெண்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

பிள்ளை இறந்து பிறந்தவளை நாம் முற்றிலும் விட்டுவிடுகிறோம். 2015 முதல் அரசு மருத்துவமனையில் பிரசவித்தவர்களுக்குக் கொடுக்கும் அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் பதினாறு பொருள், அது குழந்தைக்கானது. தடுப்பூசி நாளும் குழந்தைக்கானது. அவளுக்கு அங்கே வேலை இல்லை, ஆகவே மேலே நான் சொன்ன ஏற்பாட்டிலும் அவள் விடுபட்டுப் போவாள். அவளுக்காகத் தனியாக ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, கையில் படிவம் இல்லாமல். பிள்ளையைப் பார்க்க விட்டார்களா, கையில் கொடுத்தார்களா, பிள்ளை பெற்ற மற்றவர்களுக்கு நடுவிலேயே படுக்க வைத்தார்களா, பால் கட்டிக்கொண்டபோது என்ன செய்வது என்று யாராவது சொன்னார்களா, அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று விளக்கினார்களா என்று கேட்க வேண்டும். இரண்டு ஊர்களிலும் சேர்த்து மாதத்துக்கு இப்படிச் சில வீடுகள்தான் இருக்கும். பயிற்சி பெற்ற ஒரு மூத்த செவிலியருக்கு மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, போக்குவரத்துக்கு ஒரு வண்டியும் கொடுத்தால், வட்டார மருத்துவ அலுவலர் இதை நாளைக்கே தொடங்கலாம்.